பவர் ஸ்டியரிங்கின் முனகலை நான் அடக்கிய விவரம்

கீழக்கரிசல்பட்டி,
கோவில்பட்டி வழி,
புரட்டாசி மாதம், 1966.

மகாராஜராஜஸ்ரீ மாப்பிள்ளை ஹவில்தார் பூவனலிங்கம் அவர்கள் சமூகத்திற்கு, மாமனார் மாயகிருஷ்ணன், மணியாச்சி ஜங்ஷனில் ஷண்டிங் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன், மரியாதையோடும் கொஞ்சம் அவசரத்தோடும் எழுதிக்கொள்வது என்னவென்றால், இங்கே உங்கள் மனைவி கிருஷ்ணவேணி, உங்கள் அத்தை, நான், ஆடுகள், கன்றுக்குட்டி எல்லோரும் செண்பகவல்லித் தாயார் புண்ணியத்தில் சௌக்கியமாக இருக்கிறோம். வீடு வாசலும் சௌக்கியம். அசாமில் குளிர் ஆரம்பித்துவிட்டதா, கம்பளி கொடுத்தார்களா என்று உங்கள் அத்தை கேட்கச் சொன்னாள். டிராக்டரின் சௌக்கியத்தை இந்த வரிசையில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. கடிதமே அதற்காகத்தான்.

தங்கள் கடிதம் கிடைத்து விவரம் அறிந்தேன். "மாமா, அந்த வண்டியால் வேணிக்குத்தான் தொந்தரவு. நல்ல விலைக்கோ கெட்ட விலைக்கோ போகட்டும். பழைய வண்டி வாங்குகிற விளாத்திகுளம் நந்தகோபால் வெள்ளிக்கிழமை வருவார், அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். வெள்ளிக்கிழமை வந்தது, நந்தகோபாலும் வந்தார், ஆனால் வண்டி போகவில்லை. பட்டாளத்தில் இருக்கிறவர் நீங்கள். உத்தரவை மீறியவன் விளக்கம் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும், ரயில்வேயிலும் அப்படித்தான். ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பொறுமையாக வாசிக்கவும்.

போன லீவில் நீங்கள் உழவு மாடுகளை விற்று, மதுரைப் பக்கத்துப் பண்ணையில் ஓடித் தேய்ந்த அந்த அமெரிக்கா வண்டியை வாங்கிக்கொண்டு வந்தபோது, அதில் பவர் ஸ்டியரிங் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னீர்கள். அப்படியென்றால் என்னவென்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும் என்றாலும் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. ஒரு சின்ன டாங்கியில் எண்ணெய், அந்த எண்ணெயை உறிஞ்சித் தள்ள ஒரு பம்பு, தள்ளின எண்ணெய் போய்ச் சக்கரத்தைத் திருப்ப ஒத்தாசை செய்யும். ஓட்டுகிறவன் ஜாடை காட்டினால் போதும், மிச்ச வேலையை எண்ணெய் பார்த்துக்கொள்ளும். அந்த ஒத்தாசை ஆவணியில் நின்றுபோயிற்று. நம்ம டிரைவர் மந்திரமூர்த்தியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பருத்திப் பொதியை ஒத்தையாளாக முதுகில் ஏற்றுகிறவன். அவனே ஒரு வளைவு திரும்புவதற்குள் சீட்டைவிட்டு எழுந்து நின்று, காலை உதைத்து, பல்லைக் கடித்து, உடம்பு முழுவதையும் ஸ்டியரிங்கில் தொங்கவிட வேண்டியதாயிற்று. சாயங்காலம் இறங்கினால் சோற்றை வாய்க்குக் கொண்டுபோகக் கை எழவில்லை, பெண்டாட்டிதான் ஊட்டிவிடுகிறாள் என்று ஊரில் பேச்சு. "மாமா, இது வண்டியா, கோயில் தேரா? ஒருத்தன் இழுக்கிற காரியமில்ல இது, ஊரைக் கூட்டுங்க" என்றான். அதோடு ஒரு சத்தம் வேறு. நேரே போகும்போது முனகும், திருப்பும்போது ஈனப்போகிற மாடு மாதிரி கத்தும். நம்ம காட்டுக்குள்ளே திரும்ப முடியாமல் வரப்பைத் தாண்டி அடுத்த காட்டுக் கம்மம் பயிருக்குள் போய்த் திரும்பி வந்ததில், அந்தக் காட்டுக்காரர் வீட்டுக்கே வந்து, "அண்ணாச்சி, எங்க காட்டையும் சேத்து உழுறதா இருந்தா ஒரு வார்த்தை சொல்லிட்டு உழுங்க" என்று சொல்லிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார். அவர் கோபமாகச் சொன்னாரா தமாஷாகச் சொன்னாரா என்று இன்னும் தெரியவில்லை.

விளையாட்டுக் காரியம் இல்லை, மாப்பிள்ளை. புரட்டாசிக்குள் உழுது புழுதியில் விதைத்தால்தான் ஐப்பசி மழைக்குப் பருத்தி தலை நீட்டும். மழை முந்திக்கொண்டால் கரிசல் களியாகிவிடும், அப்புறம் வண்டி இறங்கினால் வண்டியைத் தூக்கத்தான் ஆள் தேட வேண்டும். உழவு மாடும் இல்லை. ஊரில் யாரிடம் ஏர் கேட்டாலும் அவனவன் காடு முடிந்த பிறகுதான் தருவான், அது நியாயம்தானே. இந்த நிலைமையில்தான் நான் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். "நீங்க ரயில் எஞ்சின்தானே ஓட்டுனீங்க, அதுக்கு ஸ்டியரிங்கே கிடையாதே" என்று உங்கள் அத்தை கேட்டாள். தண்டவாளத்தில் போகிறதற்கு எதற்கு ஸ்டியரிங், ஆனால் எஞ்சின் எஞ்சின்தானே என்று பதில் சொல்லிவிட்டேன். அவள் மேற்கொண்டு பேசவில்லை. பேசாமல் இருப்பதற்கு அவளிடம் ஒரு தினுசு இருக்கிறது, உங்களுக்கே தெரியும்.

முதல் காரியமாக முன் டயர் இரண்டையும் பார்த்தேன். காத்து குறைந்தால் ஸ்டியரிங் கனக்கும், இது சைக்கிள் ஓட்டுகிறவனுக்கே தெரியும். காத்து குறைவாகத்தான் இருந்தது. ஆக இதுதான் வியாதி என்று முடிவு கட்டி, மந்திரமூர்த்தியைப் பம்பு அடிக்கச் சொல்லி, போதும் மாமா போதும் மாமா என்று அவன் சொல்லச் சொல்ல இன்னும் கொஞ்சம் அடிக்கச் சொன்னேன். டயர் கல் மாதிரி ஆயிற்று. வெடித்துக் கிடக்கிற கரிசலில் வண்டியை விட்டால் முன் பக்கம் ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளுது, ஸ்டியரிங் கனம் மட்டும் அப்படியே இருக்குது. மந்திரமூர்த்தி ஒரு துள்ளலில் கீழே விழுந்து எழுந்து, "நீங்க ஒருக்க ஏறிப் பாருங்க மாமா" என்றான். நான் ஏறவில்லை. பரீட்சை செய்கிறவன் வெளியே நின்று பார்த்தால்தான் குறை தெரியும். காத்தைச் சரியான அளவுக்கு இறக்கிவிட்டேன், வியாதி டயரில் இல்லை என்பது நிரூபணம் ஆயிற்று. இதைத் தோல்வி என்று உங்கள் அத்தை சொல்கிறாள். ஒரு காரணத்தைக் கழித்துவிட்டேன் என்று நான் சொல்கிறேன்.

அடுத்தபடியாக முன் சக்கரங்களின் மூட்டு துருப்பிடித்து இறுகிவிட்டதோ என்று சந்தேகம். வேப்பமரத்தடியில் ஜாக்கி வைத்து முன் பக்கத்தைத் தூக்கி, சக்கரத்துக்குப் போகிற கம்பியைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் திருப்பச் சொன்னேன். மந்திரமூர்த்தி வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தள்ளு தள்ளினான், சக்கரம் பறந்து போய் அவன் முட்டியிலேயே அடித்தது. அப்புறம் வேணி வந்து ஒரு விரலால் தள்ளிப் பார்த்தாள், அங்கிட்டும் இங்கிட்டும் கதவு மாதிரிப் போய் வந்தது. ஆக மூட்டு சுத்தம், கோளாறு எண்ணெய் ஓடுகிற பகுதியில்தான். இருந்தாலும் கையில் கிரீஸ் இருந்ததால் எல்லா மூட்டுக்கும் வைத்துவிட்டேன், கொஞ்சம் மந்திரமூர்த்தி முட்டியிலும் தடவினேன்.

இனி எழுதப்போவது கொஞ்சம் கவனமாக வாசிக்க வேண்டிய இடம். டாங்கி மூடியைத் திறந்தால் எண்ணெய் குறைந்திருந்தது. மெல்லிசாக, தண்ணீர் மாதிரி ஒரு எண்ணெய். இவ்வளவு பெரிய வண்டிக்கு இவ்வளவு மெல்லிசு எண்ணெய் எப்படித் தாங்கும் என்று எனக்குத் தோன்றியது. நான் ரிட்டயர் ஆகும்போது மணியாச்சியிலிருந்து என் கூடவே வந்துவிட்ட சிலிண்டர் எண்ணெய் ஒரு டின் இருந்தது, கருப்பட்டிப் பாகு மாதிரி கெட்டி, நீராவி எஞ்சினே அதைக் குடித்துத்தான் ஓடும். அதை ஊற்றினேன். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஒரு சத்தம் வந்தது பாருங்க மாப்பிள்ளை, அதுவரை முனகினது முனகலே இல்லை. ஆடெல்லாம் பட்டியை முட்டிக்கிட்டு நிக்குது, கன்றுக்குட்டி தாய் மடியை விட்டு ஓடிட்டுது. மந்திரமூர்த்தி திருப்பத் திருப்ப சத்தம் ஏறிக்கிட்டே போகுது. ஊருக்கு மேக்கே புதுசா வந்திருக்கே தீப்பெட்டி ஆபீஸ், அங்கன குச்சி அடுக்குற பொம்பளையாளுக எல்லாம் மத்தியானச் சங்கு ஊதிட்டுதுன்னு நெனச்சி குச்சி அடுக்குற கட்டையைப் போட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டாக. வந்து அடுப்புப் பத்தவச்ச பிறகுதான் வெயில் இன்னும் உச்சிக்கு வரலைன்னு தெரிஞ்சிருக்கு. கொஞ்ச நேரத்துல அந்த ஆபீஸ் கணக்கப்பிள்ளை மூச்சு வாங்க வந்து, "அண்ணாச்சி, உங்க வண்டிச் சத்தத்துக்கு ஏதாச்சும் நேரம் குறிச்சிக் குடுத்தீங்கன்னா நாங்க எங்க சங்கை மாத்தி வச்சிக்கிடுதோம்" என்கிறார். நான் உடனே நிறுத்தச் சொல்லி, எண்ணெய் முழுவதையும் வடித்துவிட்டேன். கெட்டி எண்ணெயை அந்தப் பம்பால் உறிஞ்ச முடியவில்லை, அதனால்தான் அலறியிருக்கிறது. இந்த விஷயம் மனசில் ஒரு மூலையில் கிடந்தது.

கோவில்பட்டி கடைத்தெருவில் மோட்டார் சாமான் கடை வைத்திருக்கிற முத்து முகம்மது அண்ணாச்சியை உங்களுக்குத் தெரியும். வண்டிக்கு உண்டான சரியான எண்ணெயை அவரிடம்தான் வாங்கினேன். மனுஷர் எண்ணெயைக் கொடுத்ததோடு விடாமல் பஸ் ஏறி வீட்டுக்கே வந்து பார்த்தார். பம்பைச் சுற்றுகிற பெல்ட் தளர்ந்து வழுக்கினாலும் இப்படிக் கத்தும் என்று சொல்லி, பெல்ட்டை இழுத்துக் கட்டினார். சத்தம் மாறவில்லை. "எனக்குத் தெரிஞ்சது இம்புட்டுத்தான் அண்ணாச்சி. இனிமே பம்பையே மாத்தணும்னா பம்பாய்க்கு எழுதிக் கேக்கணும், வர மாசக்கணக்காகும்" என்றார். அதைச் சொல்ல அவருக்கே சங்கடமாக இருந்தது, உங்கள் அத்தை கொடுத்த பணியாரத்தைக்கூட பாதி வைத்துவிட்டார்.

இந்த நேரம் பார்த்துத்தான் நந்தகோபால் வந்தார். வெள்ளிக்கு முந்தியே ஒரு நடை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். வண்டியைச் சுற்றி வந்தார், ஸ்டார்ட் செய்யச் சொன்னார், சத்தத்தைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பம்பு செத்துப்போச்சு அண்ணாச்சி. நான் ஓட்டுறதுக்கு வாங்கலை. கொண்டுபோயி பாகம் பாகமாக் கழட்டி வித்துக்கிடுதேன், உங்களுக்கும் வீட்டுல சத்தம் இல்லாமப் போகும்" என்றார். மோசமான ஆள் இல்லை, உள்ளதைச் சொன்னார். நான் வேணியைப் பார்த்தேன். பின் சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றவள், அவர் போகிற வரைக்கும் கையை எடுக்கவில்லை. போனதற்கு அப்புறம்தான் கேட்டாள். "யப்பா, மாட்டையும் வித்தாச்சு. இதையும் இரும்பா அனுப்பிட்டா, நான் எவிய வாசல்ல போயி நின்னு ஏரு கேக்க? அவிய லீவுல வந்து கேட்டா காட்டைத் தரிசாப் போட்டுட்டேன்னு சொல்லவா?" அவிய என்றால் நீங்கள்தான். அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். கேள்வியாகக் கேட்டதால் பதில் கண்டுபிடிக்க வேண்டியதாகிவிட்டது.

மறுநாள் காலையில் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டேன். ஒழுகினால் தரையில் எண்ணெய் சொட்டியிருக்க வேண்டும், தரை காய்ந்து கிடக்கிறது. குழாய் எல்லாம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. ஒழுகல் இல்லை என்று முத்து முகம்மது அண்ணாச்சியும் சொல்லியிருந்தார், நந்தகோபாலும் சொல்லியிருந்தார். வேணியை ஏறி எஞ்சினை ஓடவிடச் சொன்னேன், ஸ்டார்ட் செய்ய நீங்கள் சொல்லிக்கொடுத்தது உதவிற்று. எஞ்சின் ஓட ஓட டாங்கி மூடியைத் திறந்து பார்த்தேன். எண்ணெய் எண்ணெயாக இல்லை, கடைந்த மோர் மாதிரி ஒரே நுரை. மாப்பிள்ளை, நுரை என்றால் காத்து. எண்ணெய் தள்ளும், காத்து நசுங்கும், நசுங்குகிறதை வைத்து எந்தச் சக்கரத்தைத் திருப்ப. பம்பு கத்துகிறது என்றால் எண்ணெயோடு காத்தையும் குடித்துவிட்டுக் கத்துகிறது. அப்படியானால் காத்து எங்கேயிருந்து போகிறது. வெளியே ஒழுகாத ஓட்டை வழியாகப் போகிறது.

வெளியே ஒழுகாத ஓட்டையைப் பற்றி என்னிடம் யாரும் பேச முடியாது. ரயிலுக்கு வாக்குவம் பிரேக் என்று ஒன்று உண்டு. பெட்டிக்குப் பெட்டி ரப்பர் ஹோஸ் போகும், அதற்குள்ளே காத்தை உறிஞ்சி எடுத்துவிட்டால்தான் பிரேக் விடும், வண்டி நகரும். ஹோஸில் எங்கேயாவது வெடிப்பு இருந்தால் ஒன்றும் வெளியே வராது, சொட்டாது, சீறாது. வெளிக்காத்து உள்ளே போகும், அவ்வளவுதான். வண்டி நகராமல் நிற்கும், கார்டு கொடி ஆட்டிக்கொண்டே இருப்பார். ஹோஸ் ஹோஸாகக் கையை வைத்து, காது வைத்து, அந்த வெடிப்பைக் கண்டுபிடித்து எத்தனை கூட்ஸ் வண்டியை அனுப்பியிருக்கிறேன். இங்கேயும் அதே கதைதான். டாங்கியிலிருந்து பம்புக்குப் போகிற குழாய் தள்ளுகிற குழாய் இல்லை, உறிஞ்சுகிற குழாய். அதில் ஓட்டை விழுந்தால் எண்ணெய் வெளியே வராது, காத்து உள்ளே போகும். கெட்டி எண்ணெய் ஊற்றினபோது அதிகமாக அலறினதும் இதனால்தான். உறிஞ்ச முடியாத பம்பு ஓட்டை வழியாகக் காத்தை இன்னும் பலமாக இழுத்திருக்கிறது. நான் அன்றைக்கு அதை ஊற்றியிருக்காவிட்டால் இந்த யோசனையே வந்திருக்காது என்பதை உங்கள் அத்தைக்கும் ஒரு வரி எழுதிவிடவும்.

கை நிறைய கிரீஸை எடுத்தேன். "வேணி, எஞ்சினை இதே ஓட்டத்துல வச்சிக்கோ, ஸ்டியரிங்கை லேசாத் திருப்பிக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு, டாங்கி அடியில் மேல் கிளிப்பைச் சுற்றி அப்பினேன். சத்தம் அப்படியே இருக்கிறது. குழாய் நடுவில் அப்பினேன், அப்படியே இருக்கிறது. பம்பு வாய்க்குப் போகிற கீழ்க் கிளிப்புப் பக்கம் கை வளைத்துப் போட்டு, கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் அப்பினேன். அழுகிற பிள்ளை வாயைப் பொத்தின மாதிரி சத்தம் சட்டென்று நின்றுபோயிற்று. எஞ்சின் ஓடுகிற சத்தம் மட்டும்தான் கேட்குது. கையை எடுத்து கிரீஸை வழித்துவிட்டால் மறுபடியும் முனகுது, அப்பினால் நிக்குது. வேணி மேலேயிருந்து, "யப்பா, சக்கரம் தானாத் திரும்புதே" என்றாள். நான் அடியிலே படுத்துக்கிட்டு மறுபடியும் வழிச்சேன், மறுபடியும் அப்பினேன். தேவையில்லைதான். ரிட்டயர் ஆனதிலிருந்து என் கைக்கு எதுவும் இப்படிப் பதில் சொன்னதில்லை, அதனால் செய்தேன். அவள் குனிந்து பார்த்துச் சிரித்தாள், கல்யாணத்துக்கு முந்திச் சிரித்த மாதிரி.

குழாயைக் கழற்றினால் அடிப்பக்கம் ரப்பர் காய்ந்து, இந்தக் கரிசல் காடு மாதிரியே வெடித்துக் கிடந்தது. முத்து முகம்மது அண்ணாச்சி அதே அளவுக்குப் புதுக் குழாயும் கிளிப்பும் தேடி எடுத்துக் கொடுத்து, பழையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒழுகாத ஓட்டை. நல்லாத்தான் நம்மளை ஏச்சிருக்கு" என்றார். மாட்டினேன், எண்ணெய் ஊற்றினேன், ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நிதானமாகத் திருப்பி உள்ளே கிடந்த காத்தையெல்லாம் வெளியேற்றினேன், நுரை அடங்கிய பிறகு குறைந்த எண்ணெயை நிரப்பினேன். இப்போது முனகலும் இல்லை, கனமும் இல்லை.

நந்தகோபால் வெள்ளிக்கிழமை ஆளும் சங்கிலியுமாக வந்தார். மேலே ஏறி உட்காரச் சொன்னேன். விரலால் திருப்பிப் பார்த்தார், மறுபடி திருப்பினார். "அண்ணாச்சி, இதை நான் ஓட்டுறதுக்கே வாங்கிக்கிடுதேனே" என்றார். வேணி உள்ளேயிருந்து வந்து, "விக்கிறதுக்கு இல்ல அண்ணாச்சி, மோர் குடிச்சிட்டுப் போங்க" என்றாள். குடித்துவிட்டுப் போனார்.

ஆகையால் மாப்பிள்ளை அவர்கள் விற்பனை யோசனையை விட்டுவிட வேண்டியது. வண்டி விஷயமாக லீவு கேட்டு மேலதிகாரியைச் சங்கடப்படுத்த வேண்டாம். மந்திரமூர்த்தி கையில் வண்டி பத்திரமாக இருக்கிறது, பொழுது சாய்வதற்குள் கிழக்குக் காடு முடிந்துவிடும், வானம் மட்டும் தெற்கே கொஞ்சம் கறுத்திருக்கிறது. இனி இந்த வண்டியில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். கழுத்தில் துணி சுற்றிக்கொள்ளவும். குலதெய்வம் துணையிருந்து, பதவி உயர்ந்து, புத்திர பாக்கியத்தோடு நீங்களும் வேணியும் நீடூழி இருக்க வேண்டும் என்று நானும் உங்கள் அத்தையும் மனசார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும் மாமனார்,
மாயகிருஷ்ணன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை எடுக்கப் போனபோது ஒரு சின்னக் காரியம் நடந்துவிட்டது. மேலே வீடு வாசல் சௌக்கியம் என்று எழுதியதில் வாசலை மட்டும் வைத்துக்கொள்ளவும். மந்திரமூர்த்தி வண்டியைக் காட்டுக்கு எடுக்கும்போது, இத்தனை நாள் பழக்கத்தில், எழுந்து நின்று பல்லைக் கடித்து முழு பலத்தோடு ஸ்டியரிங்கை இழுத்துவிட்டான். அது இப்போதுதான் விரலுக்குத் திரும்புகிறதே. வண்டி இருந்த இடத்திலேயே வட்டமடித்து அடுப்படிச் சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டது. யாருக்கும் காயமில்லை, உங்கள் அத்தை அப்போது ஆட்டுப் பட்டியில் இருந்தாள். இப்போது வெட்டவெளியில் சமைக்கிறாள், என்னோடு பேசவில்லை. மந்திரமூர்த்தி இறங்கிப் போய்க் கல்லில் உட்கார்ந்துகொண்டு, "கனமா இருந்தப்ப எனக்கு அது என்ன செய்யும்னு தெரியும் மாமா, இது எனக்கு வேண்டாம்" என்கிறான், கூப்பிட்டாலும் வரவில்லை. தெற்கே இடி இடித்தது. வேணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள், செங்கல் மேலே ஏறாமல் வண்டியைப் பின்னாலேயே எடுத்தாள், நேரே கிழக்குக் காட்டுக்குப் போய்விட்டாள். ஊர் பூராவும் வரப்பில் நின்று பார்க்கிறது. போதும் இறங்கு தாயி என்று கையைக் காட்டினால், மேலேயே இருந்து, இன்னும் கிடக்கு என்று கையைக் காட்டுகிறாள். ஆகவே லீவு போட வேண்டாம் என்று எழுதியதை அடித்துவிட்டதாக நினைத்து, உடனே லீவு போட்டு வரவும். சுவர் எழுப்ப ஆள் வேண்டும். நீங்கள் வந்தால் வண்டி மட்கார்டில் உட்கார்ந்துகொண்டு காட்டைச் சுற்றிப் பார்க்கலாம் என்று வேணி வண்டியில் இருந்தபடியே சொல்லச் சொன்னாள். ஸ்டியரிங்கை உங்களிடம் தருவாளா என்று நான் கேட்கவில்லை.